ஐமோக்கா: பெருங்கடல் பாய்மரப் பந்தயப் படகுகளின் சங்கம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டனில் உயர்தர வகுப்புக்குப் புவியியல் கற்பிக்கும் நான், தென் அரைக்கோளத்தின் மேலைக்காற்றுகள் பற்றிய பாடத்தில் உலகைச் சுற்றும் பாய்மரப் படகுப் பந்தயமான வாந்தே குளோப்பை உதாரணமாகச் சொல்வது வழக்கம். பாடம் முடிந்ததும் மாணவர்கள் காற்றை மறந்துவிட்டு, அந்தப் படகுகளைப் பற்றியும் அவற்றுக்கு விதி வகுக்கும் ஐமோக்கா என்ற சங்கத்தைப் பற்றியுமே கேட்கிறார்கள். பந்தயத்தைக் கைபேசி வரைபடத்தில் பின்தொடரும் பெற்றோர் சிலரும் அதே சந்தேகங்களோடு வருவதால், கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளை வைத்து விடைகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

சேர், ஐமோக்கான்னா என்ன? படகோட பேரா, பந்தயத்தோட பேரா?

அது ஒரு சங்கத்தின் பெயர். ஒற்றை உடல் கொண்ட 60 அடிப் பந்தயப் படகுகளுக்கான சர்வதேச வகுப்புச் சங்கம் 1991 இல் அமைக்கப்பட்டது. அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துச் சுருக்கமே ஐமோக்கா. நாளடைவில் அச்சங்கத்தின் விதிக்கு உட்பட்டுக் கட்டப்படும் படகையும் ஐமோக்கா என்றே அழைக்கத் தொடங்கினார்கள். ஆகவே செய்தியில் அந்தப் பெயரைக் காணும்போது, பேசப்படுவது சங்கமா படகா என்பதை வாக்கியத்தைக் கொண்டுதான் அறிய வேண்டும்.

பந்தயங்களுக்குத் தனித்தனிப் பெயர்கள் உண்டு. அவற்றுள் புகழ்பெற்றது, பிரான்சின் மேற்குக் கரையிலுள்ள லே சாப்ல் தொலோன் துறைமுகத்திலிருந்து புறப்பட்டு, ஒருவர் தனியாக, எங்கும் நிறுத்தாமல், வெளியுதவி பெறாமல் உலகைச் சுற்றி அதே துறைமுகத்துக்குத் திரும்பும் வாந்தே குளோப். 1989 இல் தொடங்கிய அது இப்போது நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடைபெறுகிறது.

அப்போ பந்தயத்தை நடத்துறது இந்தச் சங்கம் இல்லையா? பின்ன யாருக்கு என்ன அதிகாரம்?

பெரும்பாலான குழப்பம் இங்கேதான் பிறக்கிறது. தோட்டங்களுக்கு இடையிலான மென்பந்து கிரிக்கெட் சுற்றுப்போட்டியை எண்ணிப் பாருங்கள்: பந்தும் மட்டையும் எப்படி இருக்க வேண்டும் என்பது ஓரிடத்தில் தீர்மானமாகிறது, அணிகளைச் சேர்த்துக் கிண்ணம் கொடுப்பவர்கள் வேறு, ஆட்டமிழந்தாரா இல்லையா என்று கையை உயர்த்துபவர் வேறு. ஐமோக்கா முதலாவது இடத்தில் நிற்கிறது. படகின் அளவு, கட்டுமானம், பாதுகாப்புச் சோதனை ஆகியவற்றுக்கு விதி வகுப்பதும், படகுகளை அளந்து சான்றிதழ் தருவதும், பல பந்தயங்களின் புள்ளிகளைச் சேர்த்து வகுப்பின் சாம்பியனைத் தீர்மானிப்பதும் அதன் வேலை.

வாந்தே குளோப்பை நடத்துவது, வாந்தே மாவட்டத்தின் பொது நிருவாகம் முக்கிய பங்காளராக உள்ள ஒரு நிறுவனம். யாரைச் சேர்ப்பது, பனிப்பாறை அபாயத்துக்காக எந்தக் கடற்பரப்பை விலக்குவது என்பன அதன் பொறுப்பு. பந்தயத்தின்போது எழும் வழக்குகளைத் தீர்ப்பது சுயாதீனமான சர்வதேச நடுவர் குழு. இவை அனைத்துக்கும் மேலே, இலண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட வேர்ல்ட் செயிலிங் என்ற உலக அமைப்பு உள்ளது. பாய்மரப் பந்தயத்தின் பொது விதிநூலை வெளியிடுவது அதுவே. ஐமோக்காவை அது 1998 இல் சர்வதேச வகுப்பாக அங்கீகரித்தது.

வாந்தே குளோப்பைத் தவிர வேற என்ன பந்தயம் இருக்கு?

பிரான்சிலிருந்து கரிபியன் தீவான குவாதலூப்புக்குத் தனியாள் ஓடும் ரூத் து ரோம், இருவர் சேர்ந்து ஓடும் கோப்பிப் பாதைப் பந்தயம் ஆகியவை பிரசித்தமானவை. 2022–23 முதல், குழுவாக உலகைச் சுற்றும் ஓஷன் ரேஸும் இப்படகுகளைப் பயன்படுத்துகிறது. நிறுத்தங்கள் உள்ள அந்தப் பந்தயத்தில் 11த் அவர் ரேசிங் என்ற அமெரிக்க அணி வென்றது.

நம்ம நாட்டுப் பக்கமா வருவாங்களா? காலியில நின்னா பார்க்கலாமா?

பார்க்க இயலாது. ஆபிரிக்காவின் நன்னம்பிக்கை முனை, அவுஸ்திரேலியாவின் லூவின் முனை, தென்னமெரிக்காவின் ஹோர்ன் முனை ஆகிய மூன்றையும் இடப்புறமாக விட்டு, தென் அகலாங்கு 40 பாகைக்கும் அதற்குத் தெற்கேயும் உள்ள நீரில் கிழக்கு நோக்கியே அவர்கள் ஓடுகிறார்கள். இலங்கையின் தென்முனையான தேவேந்திரமுனை வட அகலாங்கு 6 பாகைக்குச் சற்றுக் கீழே உள்ளது. ஒரு பாகை ஏறத்தாழ 111 கிலோமீற்றர் என்று கணக்கிட்டால், மிக அருகில் வரும்போதும் படகுகள் நமக்கு ஐயாயிரம் கிலோமீற்றருக்கு அப்பால்தான் இருக்கும். சமுத்திரம் ஒன்றே, இந்து சமுத்திரம். ஆனால் காற்று வேறு.

அங்கே நிலம் குறுக்கிடாத கடலில் மேற்கிலிருந்து கிழக்கே ஆண்டு முழுவதும் வீசும் காற்றே இந்தப் பந்தயத்தின் எரிபொருள். நமக்கு வைகாசி தொடக்கம் வட்டவளையிலும் கினிகத்தேனையிலும் மழையைக் கொட்டும் தென்மேற்குப் பருவக்காற்று, தெற்கிலுள்ள வியாபாரக் காற்று நிலநடுக்கோட்டைத் தாண்டித் திரும்புவதால் உருவாவது. அதனையும் இதனையும் பரீட்சை விடைத்தாளில் ஒன்றாக்கிவிட வேண்டாம். பந்தயம் நவம்பரில் புறப்படுவதற்கும் காரணம் இங்கேயே உள்ளது. படகுகள் தென்கடலைச் சேரும் மார்கழி, தை மாதங்களில் அங்கே கோடைகாலம். பகல் நீண்டிருக்கும், புயலின் கடுமையும் மாரிகாலத்தை விடக் குறைந்திருக்கும்.

அந்தக் காலத்துல நம்ம தேயிலை ஏத்திப் போன பாய்க்கப்பல் ஓடின வழியா இது, மாஸ்டர்?

பாதி சரி. பாய்மர வணிகக் கப்பல்களின் பெருவழியைத்தான் இந்தப் பந்தயம் பின்பற்றுகிறது. ஆனால் அந்த வழியில் திரும்பியவற்றுள் பெயர்பெற்றவை அவுஸ்திரேலியக் கம்பளி ஏற்றிய கப்பல்கள். சீனத் தேயிலைக்காகக் கட்டப்பட்ட கட்டி சார்க் கூட, 1869 இல் சுயஸ் கால்வாய் திறக்கப்பட்டு நீராவிக் கப்பல்கள் தேயிலை வணிகத்தைக் கைப்பற்றிய பிறகு, கம்பளி ஏற்றி ஹோர்ன் முனை வழியாகவே வீடு திரும்பியது.

ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலையைத் தோட்டப் பயிராகத் தொடங்கியது 1867 இல். மலையகத் தேயிலை பெருமளவில் ஏற்றுமதியாகத் தொடங்கியபோது சுயஸ் வழியும் நீராவியும் நிலைபெற்றிருந்தன. ஆகவே நம் மூதாதையர் கொய்த கொழுந்து ஹோர்ன் முனையைச் சுற்றியது என்று பெருமைப்பட இடமில்லை.

நம்ம ஆளுங்க யாராச்சும் இதுல ஓடியிருக்காங்களா?

தமிழ் வாசகர்கள் அறிந்த பெயர் இந்தியக் கடற்படையின் முன்னாள் அதிகாரி அபிலாஷ் டோமியாக இருக்கலாம். 2018 இல் தென் இந்து சமுத்திரத்தில் முதுகெலும்பு முறிந்து மீட்கப்பட்ட அவர், அடுத்த போட்டியில் 2023 இல் இரண்டாம் இடம் பெற்றார். ஆனால் அவர் ஓடியது கோல்டன் குளோப் என்ற வேறு பந்தயம். அதில் பழைய வடிவமைப்புடைய சிறு படகுகளே அனுமதிக்கப்படும், ஐமோக்காவுக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை. ஐமோக்காவில் ஓடி வாந்தே குளோப்பை முடித்த முதல் ஆசியர் ஜப்பானின் கோஜிரோ ஷிராயிஷி. அவருக்கு அடுத்த போட்டியில், சிறுவயதில் இடக்கையை இழந்த சீனரான சூ ஜிங்குன் முடித்தார்.

காசல்ரீயில ஓட்டிப் பழகி இந்தச் சங்கத்துல சேரலாமா?

பழகுவது எந்த நீரிலும் தொடங்கலாம். ஆனால் இச்சங்கம் தனிநபர் கழகம் போன்றதன்று. அதன் உறுப்பினர்கள் இவ்வகைப் படகின் உரிமையாளர்களும் அதனை ஓட்டுபவர்களும்தான். புதிய படகொன்றின் விலை பல மில்லியன் யூரோ என்பதால், அனுசரணையாளர் இன்றி அந்த வாசலை நெருங்குவது கடினம். ஐரோப்பியர் பலர் 6.5 மீற்றர் நீளமுள்ள மினி வகுப்பில் அட்லாண்டிக்கைத் தனியே கடந்து, பிறகு 40 அடி வகுப்புக்கு ஏறி, அதன் பின்னரே இதற்கு வருகிறார்கள். நம் நாட்டில் முதற்படி ஒற்றையாள் சிறு படகுதான். அதற்குக் கொழும்புக்கும் பொல்கொடைக்கும் இறங்க வேண்டியிருக்கும்.

எல்லாப் படகும் ஒரே மாதிரி இருக்கணுமா, இல்ல இஷ்டத்துக்குக் கட்டலாமா?

இரண்டும் கலந்த ஏற்பாடு. நீளம் 18.28 மீற்றர், அகலம் 5.85 மீற்றருக்கு மேற்படாமல், நீருக்குக் கீழான ஆழம் 4.5 மீற்றருக்கு மேற்படாமல், நீர்மட்டத்திலிருந்து பாய்மரத்தின் உச்சி 29 மீற்றருக்கு மேற்படாமல் இருக்க வேண்டும். இந்தக் கற்பனைப் பெட்டிக்குள் உடலின் வடிவம் வடிவமைப்பாளரின் விருப்பம். அதனால்தான் ஒரே ஆண்டில் கட்டிய இரு படகுகளின் மூக்கு கூட ஒன்றுபோல இருப்பதில்லை.

சில பாகங்களில் மட்டும் விருப்பத்துக்கு இடமில்லை. நீருக்குள் இறங்கும் உறுப்புகள் ஐந்துக்கு மேல் கூடாது. உலகைச் சுற்றும்போது எடுத்துச் செல்லும் பாய்கள் எட்டுக்கு மேல் கூடாது. படகின் அடித் தண்டான ஏராவும் பாய்மரமும் எல்லாருக்கும் பொதுவான வடிவில் இருக்க வேண்டும். அதற்கான காரணம் அடுத்த விடையில் உள்ளது.

மத்ததெல்லாம் இஷ்டம்னா ஏராவும் பாய்மரமும் மட்டும் ஏன் ஒரே அச்சுல?

ஏரா என்பது படகின் அடியிலிருந்து கீழ்நோக்கி நீளும் தண்டு. அதன் நுனியில் சில தொன் எடையுள்ள ஈயக் குண்டு இருக்கும். காற்று படகை ஒருபுறம் சாய்க்கும்போது மறுபுறமாகத் தண்டையே சாய்த்து நிமிர்த்தும் பொறியும் உண்டு. இந்தத் தண்டை எவ்வளவு மெல்லியதாக, எடை குறைவாகச் செய்கிறோமோ அவ்வளவு வேகம். ஒவ்வோர் அணியும் சொந்தமாக வடிவமைத்த காலத்தில், எல்லாரும் உடையும் எல்லைக்கு மிக அருகிலேயே கட்டினார்கள். 2008–09 வாந்தே குளோப்பில் புறப்பட்ட 30 பேரில் 11 பேரே பந்தயத்தை ஓடி முடித்தனர். பாய்மரம் முறிந்தவர்கள் பலர். ஜான் லு காம் என்பவரின் படகு ஹோர்ன் முனைக்கு அருகே ஏராவின் குண்டை இழந்து கவிழ, சக போட்டியாளர் வான்சான் ரியூ அவரை மீட்டார்.

2012–13 இலும் அதே கதை தொடர்ந்தது. மார்க் கியேமோவின் ஏரா புறப்பட்ட சில மணித்தியாலங்களிலேயே முறிந்தது; ஹவியர் சான்சோவின் படகு அசோரஸ் தீவுகளுக்கு அருகே ஏராவை இழந்து கவிழ்ந்தது; ஜான் பியேர் டிக் ஏராவே இல்லாமல் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கடல் மைல் ஓடி நான்காவதாக வந்தார். அந்தப் போட்டி முடிந்த 2013 இல்தான், புதிய படகுகள் அனைத்துக்கும் ஒரே வடிவ உருக்கு ஏராவும் பொதுப் பாய்மரமும் கட்டாயம் என்று சங்கம் தீர்மானித்தது.

என் அபிப்பிராயத்தில் சங்கத்தின் வரலாற்றில் இதைவிட நல்ல முடிவு இல்லை. உயிராபத்து குறைந்தது ஒருபுறம் இருக்க, ஏராவை மெலியச் செய்வதில் போன பணமும் மிச்சமானது. வடிவமைப்பாளரின் சுதந்திரம் போய்விட்டது என்று குறைப்பட்டவர்களும் இருந்தார்கள். ஆனால் எல்லாரும் ஒரே அளவு ஆபத்தைத் தாங்கும்போது, அந்த ஆபத்தினால் எவருக்கும் முன்னிலை கிடைப்பதில்லை.

தலைகீழாக் கவுந்தா உள்ள இருக்கிறவர் கதி என்ன?

இந்தக் கேள்விக்கு விடை தேட வைத்தது 1996–97 போட்டி. தென்கடலில் மூன்று படகுகள் கவிழ்ந்தன. ரஃபாயேல் தினெல்லியை, காற்றுக்கு எதிராகத் திரும்பி வந்து பீட் கோஸ் மீட்டார். தியெரி தியுபுவாவையும் டோனி புலிமோரையும் அவுஸ்திரேலியக் கடற்படையின் அடிலெய்ட் கப்பல் மீட்டது. புலிமோர் கவிழ்ந்த உடலுக்குள் இருட்டில் நாட்கணக்கில் உயிர் பிடித்திருந்தார். கனடியரான ஜெரி ரூஃப் பசிபிக்கில் காணாமற்போனார். பின்னர் படகின் சிதைவு மட்டுமே சிலி நாட்டுப் பக்கம் கண்டெடுக்கப்பட்டது.

அகன்று தட்டையாக இருந்த அப்படகுகள் கவிழ்ந்தால் கவிழ்ந்தபடியே நிலையாக மிதந்தன. அதன்பின் நிமிரும் சோதனை கட்டாயமாயிற்று: துறைமுகத்தில் படகைத் தலைகீழாகப் புரட்டிவிட்டு, ஓட்டுபவர் உள்ளிருந்தபடியே ஏராவைச் சாய்த்து வெளியுதவியின்றி அதை நிமிர்த்திக் காட்ட வேண்டும். படகின் உட்பகுதி நீர்புகாத அறைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கவும் வேண்டும். ஏராவே போய்விட்டால் இந்தச் சோதனையால் பயனில்லை என்பதனால், முந்திய விடையில் சொன்ன 2013 விதியையும் இதனோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

வீடியோவுல படகு தண்ணிக்கு மேல பறக்குதே, அது விதிக்கு உட்பட்டதா?

உட்பட்டதே. இருபுறமும் வளைந்து நீளும் இறக்கைகளை ஃபொயில் என்பார்கள். வேகம் கூடும்போது அவை உடலை நீரிலிருந்து தூக்கிவிடுகின்றன. 2016 வாந்தே குளோப்பில் சில படகுகளில் மட்டும் இருந்த அவை, இப்போது முன்னணிப் படகுகள் எல்லாவற்றிலும் உள்ளன. 1990 இல் முதல் போட்டியை வென்ற தித்துவான் லாமாசூவுக்கு 109 நாட்கள் சென்றன. 2025 ஜனவரி 14 அன்று வென்ற சார்லி தாலினுக்கு 64 நாட்களும் 19 மணித்தியாலங்களும் போதுமாயிருந்தன. 2023 ஓஷன் ரேஸில் மலீசியா என்ற படகு 24 மணித்தியாலத்தில் 641 கடல் மைல், அதாவது ஏறத்தாழ 1,187 கிலோமீற்றர் ஓடியது.

எனினும் முழுப் பறத்தலுக்கு விதி இடம் தரவில்லை. சுக்கானின் அடியிலும் குறுக்கு இறக்கை வைத்தால் படகு நிலையாகப் பறக்கும். 2021 இல் தொடங்கிய விதிச்சுற்றுக்கு அந்த யோசனை ஏற்கப்படவில்லை. அதனால் படகு எழுவதும் மூக்கு அலையில் குத்துவதுமாக ஓடுகிறது, உள்ளே இருப்பவர் தலைக்கவசம் அணிந்து சமாளிக்கிறார். சுக்கான் இறக்கை பாதுகாப்பானது என்பாரும், அது வந்தால் பழைய படகுகள் ஒரே நாளில் மதிப்பிழக்கும் என்பாரும் இன்னும் வாதிடுகிறார்கள்.

ஓட்டுறவங்களே விதி போட்டா, அவங்கவங்களுக்கு வசதியாத்தானே போடுவாங்க?

நியாயமான சந்தேகம். புதிய படகுக்குப் பணம் உள்ளவர் மாற்றத்தை விரும்புவார், பழைய படகை வாங்கியவர் மாற்றத்தை எதிர்ப்பார். சுக்கான் இறக்கை விவகாரத்தில் கண்டது இதையே. இதற்கு இரண்டு கடிவாளங்கள் உள்ளன. வாந்தே குளோப் முடிந்ததும் அடுத்த நான்கு ஆண்டுகளுக்கான விதி ஒரே முறையில் வகுக்கப்படுகிறது; இடையில் எவரேனும் ஒரு புதுமையைக் கண்டுபிடித்ததும் அவசரமாகத் தடுப்பதோ திறப்பதோ எளிதன்று. மேலும், பழைய விதியின்படி கட்டிய படகுகள் பல அம்சங்களில் அப்படியே தொடர அனுமதிக்கப்படுகின்றன. 2013 க்கு முன் கட்டிய படகுகள் பிற்காலப் போட்டிகளிலும் தங்கள் பழைய ஏராவுடன் ஓடியது இதனாலேயே.

இக்கடிவாளங்கள் சுயநலத்தை ஒழிப்பதில்லை, மெதுவாக்குகின்றன. ஆனால் அந்த ஏராவை நம்பித் தென்கடலுக்குச் செல்பவரே அதன் விதிக்கு வாக்களிக்கிறார் என்பது, கரையில் அமர்ந்திருக்கும் குழுவொன்று தீர்மானிப்பதை விட மேலானது என்றே நான் கருதுகிறேன்.

2021 இல முதல்ல வந்தவருக்குக் கிண்ணம் குடுக்கலையே, அது சங்கம் செஞ்ச அநியாயம் தானே?

சங்கத்துக்கு அதில் தொடர்பே இல்லை. இரண்டாம் விடையில் சொன்ன நடுவர் குழுவின் தீர்ப்பு அது. 2020 நவம்பர் 30 அன்று, நன்னம்பிக்கை முனைக்குத் தென்மேற்கே கெவின் எஸ்கோஃபியேயின் படகு அலையில் மோதி முறிந்து மூழ்கியது. அவர் உயிர்காப்பு மிதவையில் தப்பினார். பந்தய இயக்குநர் அருகிலிருந்த நால்வரைத் தேடச் சொன்னார். இரவு முழுதும் தேடி, அதிகாலையில் அவரை ஏற்றியவர், முன்பு தானே மீட்கப்பட்ட ஜான் லு காம்.

ஆபத்தில் உள்ளவருக்கு உதவுவது வேர்ல்ட் செயிலிங் விதிநூலின் முதல் விதி. அதற்காக இழந்த நேரத்தைத் திருப்பித் தருவதும் அதே விதிநூலில் உள்ள ஏற்பாடு. லு காமுக்கு 16 மணி 15 நிமிடமும், யானிக் பெஸ்தவனுக்கு 10 மணி 15 நிமிடமும், போரிஸ் ஹெர்மனுக்கு 6 மணியும் என்று டிசம்பரிலேயே அறிவிக்கப்பட்டது. இறுதிக் கோட்டை முதலில் கடந்தவர் சார்லி தாலின், 80 நாள் 6 மணி 15 நிமிடத்தில். மூன்றாவதாகக் கடந்த பெஸ்தவனின் நேரம், கழிவுக்குப் பின் 80 நாள் 3 மணி 44 நிமிடம். இறுதிக் கோட்டில் எவரும் எதையும் மாற்றவில்லை. முன்னணியில் ஓடிய ஒவ்வொருவரும் ஒரு மாதத்துக்கு மேலாக அந்தக் கணக்கை அறிந்தே ஓடினார்கள். அநியாயம் என்று சொல்பவர்களிடம், தேடச் சென்றவர் அந்தப் பத்து மணி நேரத்தை யாரிடம் கேட்டுப் பெறுவது என்று நான் திருப்பிக் கேட்பதுண்டு.

திமிங்கிலத்துல மோதுறாங்களாமே, அதுக்கு விதி ஒண்ணும் இல்லையா?

மோதல்கள் உண்மைதான். மிரிஸ்ஸவுக்குப் போய்த் திமிங்கிலம் பார்த்தவர்கள், அது மூச்சுவிட மேலே வந்து எவ்வளவு நேரம் அசையாது கிடக்கிறது என்பதை அறிவார்கள். 30 நொட் வேகத்தில் வரும் படகு அதற்குள் வந்துவிடும். பாய்மர உச்சியிலுள்ள கெமராக்கள் மூலம் மிதக்கும் பொருட்களைக் கண்டறியும் கருவிகள் பல படகுகளில் உள்ளன; இரவிலும் பெரும் அலையிலும் அவற்றை முழுமையாக நம்ப முடியாது. 2024 வாந்தே குளோப்பில் கடல் பாலூட்டிகள் கூடும் சில பரப்புகளுக்குள் நுழைவது தடைசெய்யப்பட்டது. அது படகைப் பற்றியதன்று, பாதையைப் பற்றியது என்பதால் பந்தயத்தின் விதியாயிற்று. சங்கத்தின் பக்கத்தில், எட்டுப் பாய்களில் ஒன்று சூழலுக்குத் தீங்கு குறைந்த முறையில் செய்யப்பட வேண்டும் என்ற விதி உண்டு.

குழந்தை பெத்ததால ஒருத்தருக்கு இடம் போச்சுன்னு படிச்சேன். அது எந்த விதி, யார் போட்டது?

வகுப்பு விதி அன்று, பந்தயத்தின் தகுதி விதி. 2024 போட்டியில் 40 இடங்களே இருந்தன. புதிய படகு கட்டியவர்களுக்குச் சில இடங்கள் ஒதுக்கப்பட, ஏனையோர் முந்திய ஆண்டுகளின் பந்தயங்களில் ஓடிய மைல்களின்படி தெரிவு செய்யப்படுவர் என்பது ஏற்பாடு. 2020–21 இல் 87 நாட்களில் சுற்றி முடித்து, அதுவரை ஒற்றை உடல் படகில் தனியே உலகைச் சுற்றிய பெண்களில் மிக வேகமானவராக இருந்த கிளாரீஸ் கிரேமே, 2022 இன் இறுதியில் தாயானார். ஓடாத மாதங்களுக்கு மைல் சேராது. 2023 பெப்ரவரியில் அவருடைய அனுசரணையாளர், தகுதி உறுதியில்லை என்று கூறி அவரை விலக்கினார்.

எதிர்ப்பு எழுந்தபோது, பலர் கோபத்தோடு ஐமோக்காவைத்தான் நோக்கினார்கள். ஆனால் மைல்களை எப்படி எண்ணுவது, எந்தக் காரணத்துக்கு விலக்கு அளிப்பது என்பதைச் சங்கத்தின் வாக்கெடுப்பு தீர்மானிப்பதில்லை; பந்தய அறிவித்தலை எழுதும் அமைப்பாளரே தீர்மானிக்கிறார். அந்த அறிவித்தலை எழுதும்போதே மகப்பேற்றை எண்ணிப் பார்த்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. நோய்க்கும் முறிவுக்கும் கழிவு கேட்பது போன்றதன்று அது. அனுசரணையாளர் இறுதியில் அந்தப் பந்தயத்திலிருந்தே ஒதுங்கிக்கொண்டார். கிரேமே வேறோர் அனுசரணையாளரைத் தேடி, 2021 இல் தாலின் முதலாவதாகக் கோட்டைக் கடந்த அதே படகை எடுத்து, வேண்டிய மைல்களை ஓடிச் சேர்த்து, 2024 நவம்பரில் புறப்பட்டுப் பதினோராவதாக முடித்தார்.